கறவைச் சத்தம்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் தேவகியைப் பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் அவள் உடனே திரும்ப மாட்டாள். முதலில் அப்படியே நிற்பாள். அப்புறம் கழுத்தை மட்டும் மெல்லத் திருப்பி, வந்திருப்பது யார், என்ன மனசோடு வந்திருக்கிறார் என்று பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் உடம்பு திரும்பும். தெரியாதவர்கள் இதைத் திமிர் என்பார்கள். முப்பது வருஷம் எருமைக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள், உங்களுக்கும் அந்தத் திமிர் வந்துவிடும்.

அவளும் யாரையும் பின்னாலிருந்து தொட மாட்டாள். முன்பக்கமாக வந்து, தொண்டையை லேசாகச் செருமி, தான் வந்திருப்பதைத் தெரிவித்துவிட்டுத்தான் கை வைப்பாள். காய்ச்சலா என்று பார்க்க நெற்றியைத் தொட மாட்டாள், காது மடலைத் தொடுவாள். மகள் சத்யப்ரியா சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூட வாசலில் வைத்தே இப்படித் தொட்டுப் பார்த்து, கூடப் படித்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்ததுண்டு. தன்னுடையது எதையும், எருமையோ மகளோ, நல்லா இருக்குதா என்று யார் கேட்டாலும் “ஏதோ இருக்குது” என்பதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. கண் பட்டுவிடுமோ என்கிற பயம் பாதி, பழக்கம் பாதி.

போன தை மாதம் ஏனாத்தூரில் படிக்கிற ஷாரோன் என்ற பெண் தேவகியைத் தேடிக்கொண்டு வந்தாள். மாடு வளர்ப்பவர்களின் குணம் எப்படி இருக்கும், அதை எது உண்டாக்குகிறது என்று ஆராய்ச்சி செய்கிறாளாம். நாற்பது கேள்விகளை அச்சடித்துக்கொண்டு வந்திருந்தாள். தேவகி புல் நறுக்கிக்கொண்டே பதில் சொன்னாள்.

“நீங்க சீக்கிரம் கோவப்படுவீங்களா ஆன்ட்டி?”

“யாரு மேல?”

“பொதுவா.”

“பொதுவா எப்படிம்மா கோவம் வரும்? கோவமா போய் உக்காந்தா பால் எறங்காது. சரி, கறந்து முடிச்சிட்டு அப்புறமா கோவப்பட்டுக்கலாம்னு வச்சிடுவேன். முடிக்கறதுக்குள்ள போயிடும்.”

ஷாரோன் ‘இல்லை’ என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டாள். எனக்கு அது வருத்தம்தான். அந்தப் பதிலில் பாதி தேவகி இருந்தாள், கட்டத்துக்குள் அவளுக்கு இடமில்லை.

“புது எடத்துக்கெல்லாம் போகப் புடிக்குமா?”

“புடிக்கும். யாருக்குத்தான் புடிக்காது?”

“கடைசியா எப்ப வெளியூர்ல தங்கினீங்க?”

தேவகி அரிவாளை நிறுத்தி யோசித்தாள். “சத்யாவுக்குக் காது குத்த திருத்தணி போனோம். ஒரு ராத்திரி தங்கினோம்.”

“அவங்களுக்கு இப்ப இன்னா வயசு?”

“இருபத்தஞ்சு. மாசமா இருக்குது.”

அந்தப் பெண் அந்தக் கேள்விக்கு எந்தக் கட்டத்திலும் கோடு போடாமல் தாளைத் திருப்பினாள்.

தேவகியிடம் மூன்று உருப்படிகள் இருந்தன. இரண்டு கலப்பினப் பசுக்கள். அவை யார் உட்கார்ந்தாலும் கறக்கும், பக்கத்து வீட்டு வடிவாம்பாள் உட்கார்ந்தாலும் கறக்கும். மூன்றாவது, அல்லி என்கிற எருமை. கார்த்திகையில் அது போட்ட கன்று ஒன்பதாம் நாள் செத்துப்போனது. கன்று முட்டினால்தான் எருமைக்கு மடியில் பால் இறங்கும். சுரப்பு விடுவது என்பார்கள். கன்றைப் பறிகொடுத்த எருமைகளில் சிலது அப்படியே வற்றிப்போகும். சிலது கறக்கிற ஆளையே கன்றாக எடுத்துக்கொள்ளும். அல்லி தேவகியை எடுத்துக்கொண்டது. அவள் உட்காருவதற்கு முன் முழங்கையை நாக்கால் இரண்டு தடவை நக்கும். பிறகு பெருமூச்சு விட்டு, பின்னங்காலைக் கொஞ்சம் அகட்டி நிற்கும். வேறு யாராவது போனால் மடியை இறுக்கிக்கொள்ளும். உள்ளே நிறையப் பால் இருக்கும், வெளியே ஒரு சொட்டு வராது.

கறக்கிற நேரம் தேவகிக்கு விழிப்பும் இல்லை, தூக்கமும் இல்லை. நெற்றியை அல்லியின் விலாவில் சாய்த்துக்கொள்வாள். உள்ளே தண்ணீர் புரளுகிற சத்தம் கேட்கும், அதற்கும் உள்ளே எங்கோ இருதயம் நிதானமாக அடிக்கும். காலி வாளியில் முதல் பீச்சல்கள் கணீர் கணீரென்று விழும். அடி மூடியதும் சத்தம் இறங்கும். நுரை கட்டத் தொடங்கியதும் அதுவே தடித்து, சொர் சொர்ரென்று, போர்வைக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல ஆகும். அந்தச் சத்தத்தின் மேல் அவள் மிதந்துகொண்டிருப்பாள். பனிக்காலத்து விடியலில் கொட்டகை எங்கே முடிகிறது, ஏரி எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அவளுக்கும் எருமைக்கும் நடுவிலும் அப்படித்தான், எது யாருடைய மூச்சு என்று தெரியாத ஒரு கால் மணி நேரம். அந்தச் சுகம் வேறெங்கும் கிடைத்ததில்லை அவளுக்கு. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதும் இல்லை.

சுகத்துக்கு ஒரு விலை இருந்தது. காலை நாலரை, சாயங்காலம் நாலரை. இந்த இரண்டு நாலரைக்கு நடுவில் என்ன முடியுமோ அதுதான் தேவகியின் உலகம். கல்யாணத்துக்குப் போனால் சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு பேருந்து ஏறுவாள். மகளின் பள்ளி ஆண்டுவிழாவில் மகள் ஆடுவதற்கு முன்பே எழுந்து வந்திருக்கிறாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அம்மா ஏனாத்தூரில் படுக்கையில் கிடந்தபோது, பன்னிரண்டு நாள் காலையில் போய் மூன்று மணிக்குத் திரும்பினாள். பன்னிரண்டாம் நாள் அவள் கறந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. கணவன் பரசுராமன் கொட்டகை வாசலில் வந்து நின்று சொன்னான். தேவகி கறந்து முடித்தாள். கை நடுங்கினால் எருமை பாலை இழுத்துக்கொள்ளும் என்பதால் கை நடுங்காமல் முடித்தாள். வாளியை எடுத்து மேலே வைத்து மூடிவிட்டு, அதற்கப்புறம்தான் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

பதினாலு வயது சத்யா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அவள் எதுவும் கேட்கவில்லை. பதினோரு வருஷம் கழித்து, வயிற்றில் எட்டு மாதத்தோடு கேட்டாள்.

தலைப்பிரசவம், கூரத்துக்குத்தான் வந்திருக்க வேண்டும். இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால் சத்யாவும் அவள் கணவன் வசந்தும் பெரிய காஞ்சிபுரத்து மாடி வீட்டிலேயே இருந்தார்கள். தேவகி தினமும் காலை வேலையை முடித்துவிட்டு வந்து போனாள். கீழ் வீட்டில் தறி ஓடிக்கொண்டிருக்கும். ஜன்னல் வழியாகக் கோபுரத்தின் மேல் பாதி தெரியும். மகளின் காலைப் பிடித்துவிட்டபடி தேவகி அந்தத் தறிச் சத்தத்திலேயே கண் சொக்கிப்போவாள்.

“நாலு மணி ஆனா உன் கண்ணு கடியாரத்துக்குப் போயிடுது,” என்றாள் சத்யா ஒருநாள். “எனக்கு வலி எடுக்கற நேரத்துலயும் எழுந்து ஓடிடுவியாம்மா?”

“இன்னா பேச்சு இது.”

“ஆயா சாவும்போதே நீ அங்க இல்ல.”

குரலில் கோபம் இல்லை. அதுதான் தேவகிக்கு வலித்தது. மகளின் காலை மடியிலிருந்து இறக்கி வைத்து, முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“ஓட மாட்டேன்,” என்றாள். “உனக்கு ஆவற வரைக்கும் இங்கதான் இருப்பேன்.”

சொல்லிவிட்டாள். அல்லியை யார் கறப்பது?

பரசுராமன்தான் கறக்க வேண்டும். அவன் இருபத்திரண்டு வருஷமாகப் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் வேலை பார்க்கிறான். புடவை வாங்க வருகிறவர்களுக்கு அதைத் தன் மேலேயே சுற்றி, கொசுவம் வைத்து, முந்தானையைத் தோளில் போட்டுக் காட்டுவதுதான் வேலை. மீசை வைத்த அந்த உடம்பில் எத்தனை முகூர்த்தப் புடவைகள் ஏறி இறங்கியிருக்கின்றன என்று அவனுக்கே தெரியாது. ஆகவே தேவகியின் பழைய சின்தடிக் புடவையைக் கட்டிக்கொண்டு போய் அல்லியிடம் உட்கார வேண்டும் என்றபோது அவன் கூச்சப்படவே இல்லை. எருமைக்காரர்கள் காலங்காலமாகச் செய்கிற வித்தைதான் இது. புடவை வாசனைக்குச் சில எருமைகள் ஏமாறும்.

“இன்னா பார்டர்மா இது, கடையில வச்சா ஒருத்தரும் தொட மாட்டாங்க,” என்று சொல்லிக்கொண்டே அரை நிமிஷத்தில் கட்டி முடித்தான். கொசுவம் ஒரு நூல் பிசகாமல் நின்றது. வடிவாம்பாள் வேலிக்கு அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அல்லி அவனை மோந்து பார்த்தது. புடவையை மோந்தது, முழங்கையை மோந்தது. நாக்கை நீட்டவில்லை. அவன் காம்பைத் தொட்டதும் வாலால் முகத்தில் ஒன்று போட்டது.

“ஏதோ கடைக்கு வந்த கஸ்டமர் மாதிரி பாக்குது தேவகி. எல்லாத்தையும் எடுத்துக் காட்டச் சொல்லிட்டு ஒண்ணும் வாங்காம போவாங்களே, அது மாதிரி.”

ஒரு வாரம் பழக்கினார்கள். தேவகி கழுத்தருகே நின்று தடவிக்கொடுத்தால் ஒரு அரைப்படி இறங்கும். அவள் நகர்ந்தால் நின்றுவிடும். இன்னும் பத்து நாள் இருக்கிறது, பழகிவிடும் என்று பரசுராமன் சொன்னான்.

பத்து நாள் இல்லை. பங்குனியில் ஒரு வியாழக்கிழமை காலை தேவகி மாடி ஏறி வந்தபோது சத்யா சுவரோரமாகத் தனியாக நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. இட்லி அப்படியே இருந்தது. அவ்வப்போது கழுத்தைத் திருப்பித் தன் இடுப்பையே பார்த்தாள். தேவகி அருகில் போகாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வசந்த், வண்டி சொல்லுப்பா. இன்னிக்கோ நாளைக்கோ ஆயிடும்.”

“டாக்டர் இன்னும் பத்து நாள் சொன்னாங்களே அத்தை?”

“அவங்க தேதியப் பாத்து சொன்னாங்க.”

“நான் இன்னா எருமையாம்மா? நின்னு பாத்து சொல்ற?” என்றாள் சத்யா. சொல்லி முடிப்பதற்குள் முதல் வலி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் கூட ஒரு பெண் இருக்கலாம் என்று தேவகியை உள்ளே விட்டார்கள். வலி வருவதும் போவதுமாகப் பகல் நகர்ந்தது. வெள்ளைச் சுவரும் மின்விசிறியின் ஓசையும் தேவகியை ஏதோ நீருக்கடியில் இருப்பது போல வைத்திருந்தன. நாலரை மணி ஆனபோது கடிகாரத்தைப் பார்க்கவில்லை. விரல்கள் தாமாகவே மடங்கி நிமிர்ந்தன. சத்யா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஆறு மணிக்குப் பரசுராமன் போன் செய்தான்.

“கறந்துட்டேன். சொசைட்டிக்கும் ஊத்திட்டேன். நீ கவலப்படாத.”

“சுரப்பு விட்டுதா?”

“விட்டுது, விட்டுது. உன்ன மறந்தே போச்சு அது.”

தேவகிக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதிக்குக் கீழே ஒரு சின்னப் பொறாமையும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. சுவரில் தலையைச் சாய்த்தபடி கண் அயர்ந்தபோது, ஏரி நிறையப் பனி, அதற்குள்ளிருந்து அல்லியின் மூச்சு மட்டும் வந்தது. எழுந்தபோது ஜன்னல் வெளுத்துக்கொண்டிருந்தது. மணி ஐந்தாகப் போகிறது. சத்யாவின் முகம் வியர்த்திருந்தது, வலிகள் நெருங்கிவிட்டன. இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

தேவகி போனை எடுத்தாள்.

“கறக்க ஒக்காந்தாச்சா?”

“இப்பத்தான் ஒக்காந்துக்கினு இருக்கேன்.”

“போனை வாளி பக்கத்துல வையுங்க. கொஞ்சம் கேக்கறேன்.”

அந்தப் பக்கம் ஏதோ நகர்கிற ஓசை. பிறகு கணீரென்று முதல் பீச்சல். கணீர், கணீர். தேவகி கண்ணை மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரி போய்விட்டது, நெற்றியில் அல்லியின் விலாச் சூடு வந்துவிட்டது. அடி மூடியது. சத்தம் இறங்கியது. இனி நுரை கட்ட வேண்டும், சத்தம் தடிக்க வேண்டும். அவள் காத்திருந்தாள். சத்தம் தடிக்கவில்லை. சளக் சளக்கென்று தெளிவாக, தண்ணீரில் தண்ணீர் விழுகிற மாதிரி விழுந்துகொண்டே இருந்தது. அசைபோடுகிற சத்தம் இல்லை, வால் வீசுகிற சத்தம் இல்லை. தூரத்தில், கொட்டகையின் அந்தக் கோடியிலிருந்து, அல்லி ஒருமுறை கத்தியது. மடி கனத்தால் கத்துகிற கத்தல் அது.

தேவகி கண்ணைத் திறந்தாள். நேற்றுச் சாயங்காலமும் கறக்கவில்லை. ஒரு முழு நாள் பால் மடியில் நிற்கிறது. இப்போதே கல்லாக இறுகியிருக்கும், தொட்டால் சுடும். இன்னும் ஒரு வேளை கறக்காமல் போனால் மடி நோய் வந்துவிடும். நன்றாகவே தெரியும் அவளுக்கு, உள்ளங்கையில் அந்தச் சூடே தெரிந்தது. இங்கிருந்து கூரம் பத்து கிலோமீட்டர். வசந்த் வெளியே வண்டியோடு இருக்கிறான். போய், கறந்துவிட்டு, ஒன்றரை மணி நேரத்தில் திரும்பிவிடலாம். நர்ஸ் இரண்டு மூன்று மணி நேரம் என்றுதானே சொன்னாள்.

கால் எழுந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், மனசும் எழுந்துவிட்டது.

சத்யா அவள் கையைப் பிடித்தாள். போகாதே என்று சொல்லவில்லை, அடுத்த வலி வந்தது, பிடித்தாள். கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். வளையல்கள் மணிக்கட்டில் பதிந்தன.

போன் இன்னும் காதில் இருந்தது. சளக், சளக்.

“ஏங்க,” என்றாள் தேவகி.

“சொல்லுமா. கேக்குதா?”

“கேக்குது. நல்லா சுரப்பு விட்டிருக்குது.” தொண்டையைச் செருமிக்கொண்டாள். “ஒண்ணு பண்ணுங்க. கறந்து முடிச்சதும் வெந்நீர்ல துணிய நனைச்சி மடிக்கு ஒத்தடம் குடுங்க. நாலு காம்புக்கும். அரை மணிக்கு ஒருக்கா குடுங்க. வடிவாம்பாளையும் கூப்டுக்குங்க. கழுத்துல தடவிக்கினே குடுங்க, வர்றது வரட்டும்.”

வாளியில் விழுகிற சத்தம் நின்றுபோனது.

“கறந்த மாட்டுக்கு எதுக்குமா ஒத்தடம்?”

“குடுக்கலாம். ஒண்ணும் தப்பில்ல.”

“சரிம்மா,” என்றான் பரசுராமன். “குடுக்கறேன்.”

தேவகி போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கட்டிலின் முன்பக்கமாக வந்து, மகளின் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நின்றாள். கை பிடியிலேயே இருந்தது. அதற்கப்புறம் நேரம் எப்படிப் போனது என்று அவளால் சொல்ல முடியாது. ஜன்னலில் வெளிச்சம் வந்தது, எங்கோ கோயில் மணி அடித்தது, சத்யாவின் மூச்சும் தன் மூச்சும் ஒன்றாக ஏறி இறங்கியது மட்டும் நினைவிருக்கிறது. நாற்பது நிமிஷத்தில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு மூன்று மணி நேரம் என்று சொன்ன நர்ஸே ஓடிவர வேண்டியதாயிற்று. தேவகி போயிருந்தால் அந்த நேரத்தில் கூரத்தில் உட்கார்ந்திருப்பாள்.

எட்டு மணிக்கு அவளே போன் செய்து சொன்னாள். பரசுராமன் சிரித்தான், பிறகு அழ ஆரம்பித்தான்.

“தேவகி, ஒரு சொட்டு கூட குடுக்கலமா அது. நேத்தும் குடுக்கல. தண்ணி பாட்டில் மூடியில ஓட்டை போட்டு பீச்சிக்கினு இருந்தேன். நீ ஓடி வந்துடுவியேன்னு.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா அங்க இருந்த?”

“தெரிஞ்சுதான் இருந்தேன்.”

ஒத்தடத்தில் ஏதோ கொஞ்சம் கசிந்ததாம். மதியம் ஊசி போட வந்த கால்நடை மருத்துவர் மூன்று காம்புகளைக் காப்பாற்றினார். நான்காவது, பின்பக்கத்து இடது காம்பு, பால் திரிந்து, இரத்தம் கலந்து, ஒரு வாரத்தில் வற்றிவிட்டது. சனிக்கிழமை தேவகி கொட்டகைக்குள் நுழைந்தபோது அல்லி திரும்பிப் பார்க்கவில்லை. அவள் முன்னால் போய் நின்று முழங்கையை நீட்டினாள். மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தேவகி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அம்மாவுக்கு அழுததை விட அதிகமாக அழுதாள். செவ்வாய்க்கிழமைதான் நாக்கு வந்தது.

மூன்றாம் மாதம் சத்யா குழந்தையோடு கூரத்துக்கு வந்தாள். சாயங்காலம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகை வாசலில் நின்று அம்மா கறப்பதைப் பார்த்தாள். அப்பா சொல்லி விஷயம் அவளுக்குத் தெரியும். மூன்று காம்பில் கறந்துவிட்டுத் தேவகி வாளியை நகர்த்தினாள்.

“அன்னிக்கு நீ வந்திருந்தா அது போயிருக்காது இல்லம்மா?”

மகள் மனசு நோகக் கூடாதென்று வேறு யாராவது மழுப்பியிருப்பார்கள். தேவகிக்கு அது வராது.

“போயிருக்காது,” என்றாள்.

“போன்ல கேட்டப்பவே உனக்குத் தெரிஞ்சிட்டுதாம், அப்பா சொன்னாரு. அப்புறம் ஏம்மா எழுந்து போவல?”

தேவகி அல்லியின் வயிற்றைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தாள்.

“நீ கையப் புடிச்சிக்கினு இருந்த இல்ல,” என்றாள்.